பெட்டியைத் திறந்ததும் எழுதும் பேனா

இன்னைக்குக் கதை ஜப்பான்ல நடக்குது. ஆனா அதை நான் தேட ஆரம்பிச்ச இடம் எங்க வீட்டு பீரோ.

எனக்கு முதல் போனஸ் வந்த வருஷம்தான் அப்பா ரிட்டயர் ஆனார். அரசு அலுவலகம் ஒண்ணுல கிளார்க்கா சேர்ந்து, சூப்பரின்டென்ட் வரைக்கும் வந்தவர். வேலை நாள் எல்லாம் ஃபைல், ரிஜிஸ்டர், கையெழுத்து. அவருக்கு ஒரு நல்ல பேனா வாங்கித் தரணும்னு தோணுச்சு. ஆன்லைன்ல தேடி, ஐரோப்பிய கம்பெனி ஒண்ணோட இங்க் பேனாவை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியே ஒரு நகைப் பெட்டி மாதிரி இருந்தது. அப்பா வாங்கிப் பார்த்துட்டு, "நல்லாருக்குப்பா, விசேஷத்துக்கு வெச்சுக்கறேன்"னு சொன்னார். அதோட நான் மறந்துட்டேன்.

இரண்டு வருஷம் கழிச்சு, ஏதோ பத்திரம் தேடும்போது பீரோவுல அந்தப் பெட்டி இருந்தது. பேனா புதுசாவே இருந்தது. அம்மாகிட்ட கேட்டேன். அம்மாதான் சொன்னாங்க: கடைசி நாள் ஆபீஸுக்கு அந்தப் பேனாவைத்தான் எடுத்துட்டுப் போயிருக்கார். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல கடைசிக் கையெழுத்து. எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. பேனா எழுதல. உதறியிருக்கார், தண்ணியில தொட்டுப் பார்த்திருக்கார். இனிஷியல் விழுந்தது, பேர் விழல. கடைசில பக்கத்து சீட்காரர்கிட்ட பால் பாயின்ட் வாங்கித்தான் கையெழுத்து போட்டிருக்கார். "உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லல"ன்னாங்க அம்மா.

எனக்கு வருத்தத்தைவிட கோபம்தான் வந்தது. 9,000 ரூபாய் பேனா ஏன் எழுதாது? அதே மாசம் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் டோக்கியோ போயிட்டு வந்து, எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தான், எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பேனா கொடுத்தான். பைலட் கம்பெனியோட காக்குனோ. சின்னப் பசங்க எழுதிப் பழகறதுக்காக 2013ல வந்த பேனா. ஜப்பான்ல அறிமுக விலை 1,000 யென், அதாவது நம்ம ஊர் கணக்குல சில நூறு ரூபாய். நிப்புல ஒரு சிரிக்கிற மூஞ்சி வரைஞ்சிருக்கும். கார்ட்ரிட்ஜைக் குத்தி, ஒரு நிமிஷம் காத்திருந்து, பேப்பர்ல வெச்சேன். எழுதுச்சு. உதறல, அழுத்தல, மறுபடி இழுக்கல. சும்மா எழுதுச்சு.

இது எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த எபிசோடு.

முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். இங்க் பேனாவுல மையைத் தள்ளறதுக்கு மோட்டார் எதுவும் கிடையாது. நிப்புக்கு நடுவுல ஒரு கீறல் ஓடும், நுனியில அது தலைமுடியைவிட மெல்லிசு. நிப்புக்குக் கீழே இருக்கற கறுப்புக் கட்டைக்கு ஃபீட்னு பேர். அதுல நுணுக்கமான வாய்க்கால்கள் இருக்கும். மை தந்துகி ஈர்ப்புல நுனி வரைக்கும் வந்து நிக்கும். பேப்பர்ல தொட்டவுடனே பேப்பர் அதை உறிஞ்சும். வெளியே போற மைக்குச் சமமா உள்ளே காற்று போகணும். போகலன்னா மை நிக்கும், அதிகமா போனா மை கொட்டும். இந்தக் காற்று-மை கணக்கை நம்பகமா தீர்த்ததுக்குத்தான் அமெரிக்காவுல லூயிஸ் வாட்டர்மேன் 1884ல பேட்டன்ட் வாங்கினார். நவீன இங்க் பேனாவோட கதை அங்கேதான் சூடு பிடிக்குது.

நுனியில இன்னொரு சமாசாரம் இருக்கு. தங்கம் மெத்துனு இருக்கும், பேப்பர்ல தேய்ஞ்சு போகும். அதனால நிப்பு நுனியில ஆஸ்மியம், இரிடியம், ருத்தீனியம் மாதிரி கடினமான உலோகக் கலவையில ஒரு குட்டி மணியை ஒட்டவெச்சு, அதை ரெண்டா அறுத்து, உருட்டி, மெருகேத்தணும். அந்த ரெண்டு பாதியும் ஒரே மட்டத்துல இருக்கணும். ஒண்ணு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் பேப்பரைக் கீறும். சரி, மெருகு ஏத்திக்கிட்டே போனா நல்லதுதானேன்னு கேட்டா, அங்கேதான் வேடிக்கை. ரொம்ப மெருகேத்தினா கீறலோட உள் ஓரங்களும் உருண்டு போயிடும். அப்போ மை நுனிக்கு வந்தாலும் பேப்பரைத் தொடாது, ஒரு மயிரிழை உயரத்துல நிக்கும். பேனா உலகத்துல இதுக்குப் பேர் பேபி பாட்டம். ஆமா, குழந்தையோட பின்பக்கம். அப்பா பேனாவுக்கு இருந்த வியாதி அதுதான். கையில வழவழன்னு இருக்கும், ஆனா முதல் கோடு விழாது.

இப்போ ஜப்பானுக்குப் போலாம்.

ஜப்பானிய மொழியில இங்க் பேனாவுக்கு மன்னென்ஹிட்சுனு பேர். நேரடியா சொன்னா, பத்தாயிரம் வருஷத் தூரிகை. மெய்ஜி காலத்துல மருஸென் மாதிரியான கடைகள் இங்கிலாந்துலேர்ந்தும் அமெரிக்காவுலேர்ந்தும் பேனாக்களை இறக்குமதி செஞ்சு வித்தாங்க. பேருக்கு ஏத்த மாதிரி அது நடந்துக்கிச்சான்னா, இல்ல. நாவலாசிரியர் நட்சுமே சோசெகி 1912ல பேனாவைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதியிருக்கார். தன் கிட்ட இருந்த ஒரு பேனா தேவையில்லாத நேரத்துல மையைச் சொட்டுறதையும், தேவையான நேரத்துல பிடிவாதமா மறுக்கறதையும் அதுல புலம்பியிருக்கார். நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தருக்கு எங்க அப்பாவோட பிரச்சினை இருந்திருக்கு.

இறக்குமதிப் பேனா விலை அதிகம், பழுது பார்க்க ஆள் குறைவு. அப்போ நாமே செய்யலாம்னு சிலர் கிளம்பினாங்க. இன்னைக்கு வரைக்கும் நிக்கற மூணு பெரிய கம்பெனிகளும் எட்டே வருஷ இடைவெளியில பிறந்தவை. 1911ல ஹிரோஷிமா பக்கத்துல குரே நகரத்துல சகாதா கியூகோரோ ஆரம்பிச்சது செய்லர். குரே ஒரு கடற்படைத் துறைமுகம், அதனால கம்பெனிக்கு மாலுமின்னு பேர். 1918ல டோக்கியோவுல நமிகி ரியோசுகேவும் வாதா மசாவோவும் ஆரம்பிச்ச நமிகி கம்பெனிதான் பின்னாடி 1938ல பைலட் ஆச்சு. 1919ல நகாதா ஷுன்இச்சி தொடங்கின தொழில், பின்னாடி பிளாட்டினம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் நமிகி. காரணம், அவர் எழுத்தாளரோ நகை ஆசாரியோ இல்ல, இன்ஜினியர். கப்பல் இயந்திரப் பொறியாளரா இருந்துட்டு, வணிகக் கப்பல் கல்லூரியில பேராசிரியர் ஆனவர். அந்தக் காலத்துல இயந்திர வரைபடம் வரைய ரூலிங் பேனான்னு ஒண்ணு உண்டு. ரெண்டு உலோக அலகு, நடுவுல ஒரு சொட்டு மை. ரெண்டு கோடு இழுத்தா மை தீர்ந்துடும், காய்ஞ்சுடும், துடைக்கணும், மறுபடி சொட்டு விடணும். தினமும் இதைப் பண்ணிக் கடுப்பானவர், மை உள்ளேயே தேங்கி நிக்கற மாதிரி ஒரு ரூலிங் பேனாவை வடிவமைச்சார். வியாபாரமா அது பெருசா ஓடல. ஆனா அந்தப் பிரச்சினை அவரை விடல. 1916ல உள்நாட்டிலேயே தங்க நிப்பு செய்யற அளவுக்கு வந்துட்டார். ரெண்டு வருஷத்துல கம்பெனி. ஆரம்பிச்ச ரெண்டு பேருமே கப்பல்காரங்க, அதனாலதான் துறைமுகத்துக்குள்ள கப்பலுக்கு வழி காட்டுற பைலட்டோட பேர். நாமகூட சில சமயம் ஒரு சின்ன எரிச்சலுக்காக ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்து, கடைசில ஒரு முழு ப்ராடக்ட்ல போய் முடிப்போம்ல, அந்த ரகம்.

நிப்பு நுனிக்கான கடின உலோகமும் அந்த நாட்டிலேயே கிடைச்சது. வடக்கே ஹொக்கைடோ தீவுல ஆத்து மணல்ல தங்கம் அரிக்கறவங்களுக்குக் கூடவே இரிடோஸ்மின்னு ஒரு கனமான மணி கிடைக்கும். தங்கம் எடுக்கறவனுக்கு அது தொல்லை. பேனா செய்யறவனுக்கு அதுதான் பொருள்.

ஆக ஆரம்பத்திலேயே ஒரு பழக்கம் உருவாச்சு: நிப்பு, நுனி, ஃபீட், உடல், மை எல்லாமே ஒரே வீட்டுல. இன்னைக்கும் மூணு கம்பெனிகளும் தங்க நிப்பைத் தாங்களே செய்யறாங்க. ஐரோப்பாவுலயும் அப்படிச் செய்யற கம்பெனிகள் இருக்கு. ஆனா நிறைய பிராண்டுகள் நிப்பை வெளியிலேர்ந்துதான் வாங்குது, முக்கியமா ஜெர்மனியில ஹைடல்பெர்க்ல இருக்கற பாக், பெர்லின்ல இருக்கற யோவோ. ரெண்டுமே நல்ல நிப்பு செய்யறவங்கதான், தப்பா எடுத்துக்காதீங்க. பிரச்சினை நடுவுல வருது. நிப்பு ஒரு இடம், ஃபீட் ஒரு இடம், உடல் ஒரு இடம், மை வேற கம்பெனி. எல்லாத்தையும் சேர்த்து ஒருத்தர் கடைசியா எழுதிப் பார்க்கணும். அந்தக் கடைசி ஆளை வேலைக்கு வெச்சிருக்காங்களா இல்லையாங்கறதுதான் கேள்வி. மைக்ரோசர்வீஸ்ல வேலை செய்யறவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல. எல்லா டீமும் டெஸ்ட் பாஸ்னு சொல்வாங்க, சேர்த்து ஓட்டினா விழும்.

ஆனா ஒரே வீட்டுல செய்யறது மட்டும் காரணம்னு எனக்குத் தோணல. இதைவிட ஆழமா ஒரு காரணம் இருக்கு, அது எழுத்து.

நீங்க ‘அ’ எழுதும்போது எத்தனை தடவை பேனாவைத் தூக்கறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே இழுப்பு. ‘ழ’வும் அப்படித்தான். ஆங்கிலத்துல கூட்டெழுத்து எழுதினா ஒரு முழு வார்த்தைக்கும் பேனா பேப்பரை விட்டு எழும்பாது. ஜப்பானிய காஞ்சி அப்படி இல்ல. ஒவ்வொரு கோடும் தனி. கோடு போடு, தூக்கு, அடுத்த கோடு. மனச்சோர்வுங்கற அர்த்தத்துல ‘உட்சு’ன்னு ஒரு எழுத்து இருக்கு, அதுக்கு 29 கோடு. எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த வியாதி வந்துடும். அந்த 29 கோட்டுக்கும் பேனா 29 தடவை பேப்பரைத் தொடுது. முதல் தொடுகையில மை வராத பேனாவை ஆங்கிலம் எழுதறவர் சமாளிச்சுடலாம், வார்த்தைக்கு ஒரு தடவைதான் தடுக்கும். காஞ்சி எழுதறவருக்கு அது பேனாவே இல்ல.

அது மட்டுமில்ல. ஒவ்வொரு கோடும் எப்படி முடியணும்னு கணக்கு இருக்கு. தோமேன்னா அழுத்தி நிறுத்தறது. ஹானேன்னா கொக்கி மாதிரி சுண்டி எடுக்கறது. ஹராய்னா மெல்ல மெல்ல இழைச்சு விடறது. இதெல்லாம் தூரிகையிலேர்ந்து வந்த பழக்கம். ஸ்கூல்ல இதைச் சொல்லிக் கொடுத்து மார்க்கும் போடுவாங்க. 400 கட்டம் போட்ட தாள்ல, ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள அத்தனை கோடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடங்கணும். அதனாலதான் ஜப்பான்ல ஃபைன்னு விக்கற நிப்பு, ஐரோப்பிய ஃபைன் நிப்பைவிட மெல்லிசா எழுதும். மெல்லிய நிப்புல தப்பு மறையாது. பருமனான நிப்பு மையை நிறைய விட்டு, சின்னச் சின்ன மட்டக் குறைகளை முழுங்கிடும். மெல்லிய நிப்புல ரெண்டு பாதியும் கொஞ்சம் விலகினாலே கீறும்.

மேலிருந்து கீழா, வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கமா பத்தி பத்தியா எழுதறதும் சேருது. வலது கையால எழுதினா, இப்போதான் எழுதின பத்தி மேலயே கை தேயும். மை கொட்டோ கொட்டுன்னு கொட்டினா சட்டை கையெல்லாம் மை. அதனால குறைவா விடணும், ஆனா தொட்டவுடனே விடணும். இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண். அந்த முரணைத் தீர்க்க வேண்டிய கட்டாயம் அவங்க எழுத்துலயே இருந்தது. தரம்ங்கறது ஜப்பானியரோட ரத்தத்துல இருக்குன்னு யாராவது சொன்னா எனக்கு அலர்ஜி. எழுத்துல இருக்குன்னு சொன்னா ஒத்துக்குவேன்.

அரக்கு பூச்சு, மக்கியே ஓவியம், 1930ல லண்டன் டன்ஹில் கம்பெனியோட ஒப்பந்தம்னு நமிகிக்கு இன்னொரு பளபளப்பான வரலாறு இருக்கு. அதுக்குத் தனி எபிசோடு போடலாம். நமக்கு இப்போ எழுதற பேனாதான் முக்கியம்.

1930களின் இறுதியில போர்ச் செலவுக்காக தங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பேனா கம்பெனிகள் தங்கத்தை விட்டுட்டு எஃகு நிப்புக்குப் போக வேண்டியிருந்தது. போர் முடிஞ்சதும் 1948ல பைலட் டோக்கியோவுக்குத் தென்மேற்கே ஹிராட்சுகாவுல தொழிற்சாலை போட்டாங்க. 1949ல தொழில் தர நிர்ணயச் சட்டம் வந்தது, ஜிஸ் முத்திரை வந்தது. அந்தக் காலத்து ஜப்பானிய நிப்பைப் பூதக்கண்ணாடியில பார்த்தா அந்தக் குட்டி முத்திரை தெரியும். பேனா நிப்புக்கு அரசாங்கத் தர முத்திரை! அது ஒண்ணும் ஆடம்பரம் இல்ல. நடுநிலைப் பள்ளிக்குப் போற பிள்ளைக்கு இங்க் பேனா பரிசு கொடுக்கறது அங்கே வழக்கம். 12 வயசுப் பிள்ளை பெட்டியைத் திறக்குது, வீடே சுத்தி நிக்குது. அது எழுதணும்.

இங்கே நம்ம ஊருக்கும் ஒரு இழை வருது. பைலட் பேனா கம்பெனி (இந்தியா) ஒரு காலத்துல மெட்ராஸ்ல இருந்தது. பேனா டிசைனைக் காப்பி அடிச்சதா இன்னொரு கம்பெனி மேல அவங்க போட்ட வழக்கு 1967 சட்டத் தொகுப்புல சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பாவே இருக்கு. நம்ம தாத்தாக்கள் சில பேர் சட்டைப் பையில பைலட் குத்தியிருந்தது அப்படித்தான்.

பிறகு பால் பாயின்ட் வந்தது. உலகம் முழுக்க இங்க் பேனா கம்பெனிகள் தடுமாறின காலம். ஜப்பான்காரங்க அதுக்குச் சொன்ன பதில் எல்லாமே ஒரே திசையில இருக்கறதைக் கவனிங்க. 1957ல பிளாட்டினம் கார்ட்ரிட்ஜ் கொண்டு வந்தாங்க, மை பாட்டில் தேவையில்ல. 1963ல பைலட் கேப்லெஸ், மூடியே இல்லாம பால் பாயின்ட் மாதிரி நிப்பு உள்ளேயிருந்து வெளியே வரும். உள்ளே ஒரு குட்டிக் கதவு மூடிக்கும், இல்லன்னா நிப்பு காய்ஞ்சு போகும். 1978ல பிளாட்டினம் ஃபூஜி மலையோட உயரமான 3776 மீட்டரையே பேரா வெச்சு ஒரு பேனா விட்டாங்க. அதை உருவாக்க உதவினவர் உமெதா ஹருவோங்கற எழுத்தாளர், ஆயிரத்துக்கும் மேல பேனா சேர்த்து வெச்சிருந்தவர். 2011ல அதே பேனாவோட மூடிக்குள்ள ஸ்ப்ரிங் வெச்ச இன்னொரு குட்டி மூடி வந்தது. ரெண்டு வருஷம் தொடாம வெச்சிருந்தாலும் மை காயாதுங்கறது கம்பெனி கணக்கு. அதாவது, இவங்க போட்டியை அழகுல மட்டும் பார்க்கல. கையில எடுத்தா எழுதணும்ங்கற இடத்துலதான் பால் பாயின்ட்டோட மோதினாங்க.

பைலட் கஸ்டம் வரிசையில ஒரு சுவாரசியம். கஸ்டம் 74னா கம்பெனி பிறந்து 74ஆவது வருஷம், 1992. கஸ்டம் 823னா 82ஆவது வருஷம், அப்போதைய விலை 30,000 யென் வகை. வெர்ஷன் நம்பரிங்ல இதைவிட நேர்மையான முறையை நான் பார்த்ததில்ல.

ஜப்பானியப் பேனா எதுவும் பழுதாகாதுன்னு நான் சொல்ல வரல. செய்லர்ல நகஹாரா நோபுயோஷின்னு ஒரு நிப்பு மேதை இருந்தார், 2015ல காலமானார். நாகினாதா ஆயுதத்தோட அலகு மாதிரி நீளமா இழைச்ச நிப்பு அவர் கை வண்ணம். கையோட கோணத்தை மாத்தினா கோட்டோட பருமன் மாறும். அவர் கடை கடையா போய் பேனா கிளினிக் நடத்துவார். ஜனங்க வரிசையில நின்னு பேனாவைக் கொடுப்பாங்க, அவர் எதிரே எழுதச் சொல்லிப் பார்த்து, இழைச்சுக் கொடுப்பார். தொழிற்சாலையிலேர்ந்து சரியா வர்ற பேனாவுக்கு எதுக்கு கிளினிக்? ஏன்னா தொழிற்சாலை ஒரு சராசரிக் கைக்குத்தான் சரி செய்ய முடியும். உங்க கைக்கு உங்களைப் பார்த்துதான் செய்யணும். இன்னொரு புகாரும் உண்டு: ஜப்பானியப் பேனா எல்லாம் சமர்த்துப் பிள்ளை, குணமே இல்லன்னு சேகரிக்கறவங்க சொல்வாங்க. எனக்கு அந்தக் குணம் வேண்டாம். எனக்கு கையெழுத்து விழணும்.

நம்ம தலைமுறைக்கு ஸ்கூல்ல இங்க் பேனா எப்படி இருந்தது? புதுப் பேனா வாங்கினா சிமெண்ட் தரையில தேய்ப்போம். அப்பாவோட ஷேவிங் பிளேடை எடுத்து நிப்புக் கீறலை விரிப்போம். உதறி முன் பெஞ்சுக்காரன் சட்டையை நாசம் பண்ணுவோம். அது பேனாவோட இயல்புன்னே நினைச்சோம். இப்போ யோசிச்சா, தொழிற்சாலை முடிக்காம விட்ட கடைசி வேலையை ஏழாங்கிளாஸ் பசங்க முடிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். நான் வேலை செய்யற துறையிலயும் அதேதான் நடக்குது. "ரிலீஸ் பண்ணிடலாம், அப்புறம் பேட்ச் கொடுக்கலாம்"னு எத்தனை மீட்டிங்ல நானே சொல்லியிருக்கேன். மறுமுனையில ரிஜிஸ்டரைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பார்னு அப்போ தோணினதில்ல.

அப்பாவோட பேனாவை பாரிமுனைப் பக்கம் ஒரு வயசான ரிப்பேர்காரர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். லென்ஸை கண்ணுல மாட்டினார், நுனியைப் பார்த்தார், "வழவழப்பு ஜாஸ்தி தம்பி"ன்னார். ஏதோ ஒரு மெல்லிய உரசு தாள்ல எட்டு போடற மாதிரி நாலைஞ்சு தடவை இழுத்தார். துடைச்சு, மை தொட்டு, என் பேரைக் கேட்டு எழுதினார். முதல் எழுத்துலயே மை வந்தது. 150 ரூபாய்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட ரெண்டு பேனாவையும் வெச்சேன், சரி பண்ணினதையும் காக்குனோவையும். ரெண்டுலயும் கையெழுத்து போட்டுப் பார்த்தார். 9,000 ரூபாய் பேனாவைத் துடைச்சு மறுபடி பெட்டியில வெச்சார். காக்குனோவைத் திருப்பி நிப்பைக் கிட்ட கொண்டு போய்ப் பார்த்து, "இது என்னடா, சிரிக்குது?"ன்னு கேட்டார். மூஞ்சி தெரியற மாதிரி பிடிச்சா சரியா பிடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்ப்பா, அதுக்குத்தான்னு சொன்னேன். இப்போ பால் கணக்கு அதுலதான் எழுதறார். மாசக் கடைசியில கூட்டிப் போட்டு, கீழே ஒரு கையெழுத்தும் போடறார்.